தண்ணீர் சொன்ன துப்பு!

மீன் இருக்கிறதா என்று அறிய வலை வீசுவார்கள். அமெரிக்காவில் இரண்டு லிட்டர் தண்ணீரை அள்ளி வந்தே கண்டுபிடித்தார்கள்!

1970-களில் குளங்களைச் சுத்தம் செய்வதற்காக ஆசியாவின் வெள்ளிக்கெண்டையும் பெருந்தலைக்கெண்டையும் அங்கே போய்ச் சேர்ந்தன. அவை ஆற்றில் தப்பின. மிசிசிப்பியில் பெருகின. மற்ற மீன்குஞ்சுகளின் இரையைத் தின்று தீர்த்தன. அடுத்து ஐந்து பேரேரிகள்! அங்கே மீன் பிடித்துப் பிழைப்போர் கலங்கினார்கள். மிச்சிகன் ஏரிக்குச் செல்லும் சிகாகோ கால்வாயில் மின்சாரத் தடுப்பு இருந்தது. அதைத்தான் நம்பினார்கள்.

மீனின் சளி, செதில், கழிவு எல்லாம் தண்ணீரில் கலக்கும். அவற்றில் டி.என்.ஏ. என்ற மரபுப்பொருள் உண்டு. கைரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும் அல்லவா? இது இனத்துக்கு இனம் வேறுபடும். தண்ணீரை வடிகட்டிச் சோதித்தால் எந்த மீன் என்று தெரிந்துவிடும்.

2009-ல் தடுப்பைத் தாண்டி இந்த அடையாளம் கிடைத்தது. வலையிலோ ஒரு மீனும் இல்லை! பறவை எச்சத்தில் வந்திருக்கும் என்றார்கள் சிலர். அந்தச் சந்தேகம் நியாயமே. மீன் உயிரோடு இருக்கிறதா, செத்ததா என்று தண்ணீர் சொல்லாது. அதற்காகத் துப்பை அலட்சியம் செய்யலாமா?

2010 ஜூனில், தடுப்புக்கு அப்பால், கலுமெட் ஏரியில் ஒரு மீனவர் வலையில் பெருந்தலைக்கெண்டை சிக்கியது. எடை சுமார் 9 கிலோ!