சேர்வராயன் மலையும் கிராம சபையும்

சேர்வராயன் மலையுச்சிகளிலுள்ள பாக்சைட் கனிமம் மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல்லாண்டு வெட்டியெடுக்கப்பட்டது. அவ்வாலையில் உருக்கு வேலை 2008-ஆம் ஆண்டில் நின்றது. ஆயினும், மலையைத் தோண்ட யாருடைய சம்மதம் வேண்டும் என்னும் கேள்வி நிற்கவில்லை.

ஒடிசாவின் நியமகிரியில் இதே கனிமத்தைக் குறித்து மலைவாசிகளின் கிராம சபைகளைக் கேட்குமாறு 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. கூடிய 12 சபைகளும் மறுத்தன.

சுரங்கத்தால் கூலி கிடைக்கும் என்பாருமுளர். கூலி கனிமம் தீரும்வரை. ஊற்றோ தலைமுறைதோறும் வேண்டுவது. சேலம் வழியே பாயும் திருமணிமுத்தாறு இம்மலையிலேயே பிறக்கின்றது. ஆகையால் இது ஏற்காட்டு மலையாளி மக்களின் காரியம் மட்டுமன்று. சமவெளி மிராசுதாரர்களின் காரியமுமாகும்.

2006-ஆம் வருடத்து வன உரிமைச் சட்டப்படி மலைக்குடிகளின் உரிமைகளைக் கிராம சபை கூட்டி முன்னரே பதிவு செய்வித்தல் வேண்டும். வெள்ளம் வருமுன் அணை கோலுவதே விவேகம்.