நல்லூர் இராசதானியில் ஒரு நாள்

பாரிஸில் நெடுங்காலமாக வாழும் பள்ளி நண்பர் ஒருவர் 2025 அக்டோபரில் ஊருக்கு வந்திருந்தார். வந்த மறுநாளே நல்லூர் பார்க்க வேண்டும் என்றார். கோயிலுக்கென்று எண்ணி வேட்டியுடன் புறப்பட்டேன். "கோயில் அல்ல, இராசதானியைக் காட்டும்" என்று திருத்தினார். முந்திய மாதத்து மழையில் மந்திரிமனையின் ஒரு பகுதி இடிந்த செய்தியை அவர் அங்கிருந்தே படித்திருந்தார். எஞ்சியதும் விழுமுன் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம் 'நல்லூர் இராசதானி' என்ற தொடரை எத்தனையோ முறை எழுதியவன் நான். ஆனால் அந்த இராசதானியை ஒரு நாளேனும் கால்நடையாகச் சுற்றிப் பார்த்ததில்லை. அன்றுதான் முதல் நாள் என்பதைச் சொல்ல வெட்கமாகவே இருக்கிறது.

முத்திரைச் சந்தியில் தொடங்கினோம். குதிரைமீது வாளேந்திய சங்கிலியன் சிலை அங்கே நிற்கிறது. 1974இல் நிறுவப்பெற்று 2011இல் புதுப்பிக்கப்பட்டது அது. அருகே புனித யாக்கோபு தேவாலயம். அரசர் காலத்துக் கந்தசுவாமி கோயில் இருந்த இடம் இதுவே என்று கருதப்படுகிறது. 1619இல் பிலிப் தே ஒலிவேரா தலைமையில் போர்த்துக்கேயர் அரசைக் கைப்பற்றினர். 1621இல் கோயிலை இடித்தனர். இறுதி அரசன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு 1623இல் கொல்லப்பட்டான். ஆட்சியின் தலைமையிடமும் நல்லூரை விட்டுக் கடற்கரைப் பக்கம், இன்று கோட்டை இருக்கும் பகுதிக்கு மாறியது. நாம் இன்று வணங்கும் நல்லூர்க் கோயில், பின்னர் ஒல்லாந்தர் ஆட்சியில் 18ஆம் நூற்றாண்டில் வேறோரிடத்தில் எழுந்தது.

அங்கிருந்து யமுனா ஏரிக்குப் போனோம். 'ப' வடிவில் அமைந்த கேணி அது. யமுனை நதியின் தீர்த்தத்தைக் காவடிகளில் கொணர்ந்து இதில் கலந்ததாக, 18ஆம் நூற்றாண்டில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை கூறுகிறது. தலைநகருக்குத் திசைக்கொரு காவலாக நின்ற கோயில்களையும் அந்நூல் சொல்கிறது: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கயிலாய பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். நான்கும் இன்றும் வழிபாட்டில் உள்ளன. நான்கையும் சுற்றி வந்தபோதுதான் ஒரு நகரத்தின் எல்லை என் கால்களுக்குப் புரிந்தது.

சங்கிலித்தோப்பு வளைவின் முன் நின்றபோது நண்பர், "இது அரண்மனை வாசலா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். வளைவின் வேலைப்பாடு ஒல்லாந்தர் காலப் பாணியைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. மந்திரிமனையும் இன்றுள்ள வடிவில் பிற்காலக் கட்டடமே என்கிறார்கள். ஆனால் நானே ஒரு திருவிழா மலரில் அவ்வளைவைச் 'சங்கிலி மன்னன் அரண்மனையின் எஞ்சிய வாயில்' என்று எழுதியிருக்கிறேன். யாரும் மறுக்கவில்லை, எல்லாரும் பாராட்டினார்கள்.

மந்திரிமனையின் இடிந்த பகுதியை நண்பர் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "பாரிஸில் தெருவுக்குத் தெரு துடுப்பு வடிவத்தில் ஒரு பலகை நிற்கும். இந்த இடத்தில் இன்ன நூற்றாண்டில் இன்னது இருந்தது, இன்ன ஆண்டில் இடித்தார்கள், இப்போது இருப்பது இன்னது என்று அதிலே எழுதியிருக்கும். இல்லாமற் போனதற்கும் பலகை உண்டு. உமக்கு ஏன் ஒரு பலகை வைக்கத் தோன்றவில்லை?" என்றார். அன்று நாங்கள் நடந்த வழியில், ஓரிடத்தை மற்றோரிடத்தோடு இணைத்து விளக்கும் பலகை ஒன்றையும் காணவில்லை என்பது உண்மை.

போர்த்துக்கேயர் இடித்ததைப் பற்றி நானூறு ஆண்டுகளாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் மந்திரிமனையை எந்தப் படையும் வந்து இடிக்கவில்லை; மழை இடித்தது. 'அரசர் காலத்தது' என்று பெருமை பேசுவோர் கூரையைக் கவனிக்கவில்லை. 'அரசர் காலத்தது அன்று' என்று அறிந்தோர், அப்படியானால் காப்பானேன் என்று இருந்துவிட்டனர். மிகையும் அலட்சியமும் சேர்ந்தே சுவரைத் தள்ளின. ஒல்லாந்தர் காலத்ததாயினும் அதற்குப் பிந்தியதாயினும், நல்லூரின் நினைவைத் தாங்கி நிற்கும் கட்டடம் நம்முடையதே.

உண்மையைச் சொன்னால் பெருமை குறையும் என்ற அச்சம் வேண்டியதில்லை. நல்லூர்க் கோயிலில் இன்றும் ஓதப்படும் கட்டியத்தில் ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகுவின் பெயர் வருகிறது. 1450இல் கோட்டே அரசின் படையோடு வந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய செண்பகப் பெருமாளே அவன் என்று கருதுவோர் பலர். அந்தப் பெயரைக் கூறுவதால் முருகனுக்கு எந்தக் குறையும் நேர்ந்துவிடவில்லை.

மாநகர சபையும் பல்கலைக்கழக வரலாற்றுத் துறையும் தொல்லியல் திணைக்களமும் ஒன்றுகூடி, நான்கு காவற் கோயில்களையும் இணைக்கும் நடைபாதை ஒன்றை வகுக்கலாம். பத்துப் பன்னிரண்டு பலகைகள் போதும். நிச்சயமானதை நிச்சயம் என்றும், மரபை மரபு என்றும், ஐயத்தை ஐயம் என்றும் எழுதினால் போதும். தனியார் காணியிலுள்ள சின்னங்களுக்கு, உரிமையாளரோடு பேசி வழி காண்பது இடிந்தபின் செய்யும் வேலையன்று. பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறையேனும் அவ்வழியே நடக்க வேண்டும்.

முதற்படியை நானே வைக்கிறேன். சங்கிலித்தோப்பு வளைவைப் பற்றி அந்த மலரில் நான் எழுதியது பிழை. வாசகர்கள் திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.