விற்றும் விற்காத காணி

விளைநிலத்தை விளைநிலமாகவே வைத்திருக்கும்படி உழவனைச் சட்டத்தினாற் கட்டுப்படுத்தலாம். அன்றேல், அவ்வாறு வைத்திருப்பேன் என்ற உறுதியை அவனிடம் விலைகொடுத்து வாங்கலாம். முதலாவது வழியை எல்லா அரசாங்கங்களும் அறியும். இரண்டாவது வழியை ஐக்கிய அமெரிக்காவிற் சில பகுதியினர் அரை நூற்றாண்டாகக் கையாண்டு வருகின்றனர். அதன் நன்மையையும் தீமையையும் நம்மவர் அறிந்திருத்தல் வேண்டும் என்று கருதுகின்றோம்.

யாழ்ப்பாணத்துக் காணி உறுதியை ஒருமுறையேனும் வாசித்தவருக்கு இம்முறையை விளங்கிக்கொள்வது கடினமன்று. பரப்பையும் எல்லையையும் கூறியபின், கிணற்றிற் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் வேறாக எழுதப்பட்டிருக்கும். காணி ஒருவனுடையது, அதனூடே நீர் பாய்ச்சும் உரிமை அயலவனுடையது. காணி பத்துக் கை மாறினாலும் அந்த உரிமை அழிவதில்லை. அமெரிக்கர் 'கொன்சவேஷன் ஈஸ்மென்ற்' என அழைக்கும் கட்டுப்பாட்டு உறுதியும் இவ்வினத்ததே. பண்ணைக்காரன் தன் நிலத்தைத் துண்டாடி வீட்டு மனைகளாக்கும் உரிமையை மாத்திரம் பிரித்தெடுத்து, ஒரு பொறுப்புச் சபைக்கோ ஊராட்சிக்கோ விற்கின்றான். அல்லது நன்கொடையாகக் கொடுக்கின்றான். பெற்றவர் அதைப் பயன்படுத்துவதில்லை. எவரும் பயன்படுத்தாதபடி காவல் செய்கின்றனர். உழவும் மேய்ச்சலும் பண்ணைக்காரனுக்கே உரியன. நிலத்தை விற்கவும் பிள்ளைகளுக்கு முதுசமாக விடவும் அவனுக்குத் தடையில்லை. ஆனால், பதிவேட்டில் ஏறிய கட்டுப்பாடு அவனுக்குப் பின் வருவோரையும் என்றென்றைக்கும் கட்டும்.

மனைக்காக விற்றால் ஒரு பண்ணை 10 இலட்சம் டொலர் பெறுமென்றும், விளைநிலமாக விற்றால் 6 இலட்சமே பெறுமென்றும் வைத்துக்கொள்வோம். இடையிலுள்ள 4 இலட்சமே அவ்வுரிமையின் பெறுமதி. நிலத்தை இழக்காமலே உழவன் கடன் தீர்க்கவும், பங்கு கேட்கும் சகோதரருக்குப் பணம் கொடுக்கவும் இதனால் இயலும்.

சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்து கோல்டன் கேற் பாலத்தைக் கடந்தால் மரின் என்னும் மாவட்டம். பாற்பண்ணைகளும் மேய்ச்சல் நிலங்களும் நிறைந்த இடம். 1967இல் அங்கே வகுக்கப்பட்ட திட்டம் மேற்குக் கரையில் நெடுஞ்சாலைகளையும் பெருங் குடியிருப்புகளையும் வரைந்து காட்டியது. சில ஆண்டுகளுள் அரசியற் காற்று மாறிற்று. 1970களின் தொடக்கத்தில், 60 ஏக்கருக்கு ஒரு வீடு என்னும் விதி பிறந்தது. நமது கணக்கில் 960 பரப்புக்கு ஒரு வீடு! நகரத்தார் மகிழ்ந்தனர். நிலத்தைத் தவிர வேறு சேமிப்பு இல்லாத பண்ணைக்காரர் பலர் வெகுண்டனர். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இல்லையென்று நாம் கூறமாட்டோம். ஊருக்கெல்லாம் அழகும் உணவும் வேண்டுமென்றால், அதன் செலவை உழவன் ஒருவனே சுமப்பது எந்த நீதி? மேலும், வாக்கினால் வந்த விதி வாக்கினாலேயே போகவும் கூடும். ஐந்தாண்டுக்குள் ஒரு திட்டம் தலைகீழானதை அவர்கள் கண்முன்னே கண்டிருந்தனர்.

இந்நிலையிலேதான், நாசிகளின் கொடுமையிலிருந்து தப்பி ஆம்ஸ்ரடாமிலிருந்து வந்து பாற்பண்ணை நடத்திய எலன் ஸ்ட்ராவுசும், உயிரியல் அறிஞர் பிலிஸ் பேபரும் 1980இல் மரின் விவசாயக் காணி நம்பிக்கைப் பொறுப்பை நிறுவினர். பண்ணைக்காரியும் படித்தவளும் ஒரே மேசையில் அமர்ந்தமையே இதன் வெற்றிக்குக் காரணம் என்பது நம் எண்ணம். 1988இல் கலிபோர்ணியா வாக்காளர் ஏற்ற பிரேரணையின் வழியாக 150 இலட்சம் டொலர் கிடைத்தது. 2012இல் அம்மாவட்டத்தார் தம்மீது தாமே விற்பனை வரியொன்றை விதித்து, அதில் ஒரு பங்கை இப்பணிக்கு ஒதுக்கினர். இன்று 50,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இவ்வுறுதிகளின் காவலில் இருக்கின்றது.

அதே கரையில் மற்றொரு பாடமும் உண்டு. 1962இல் பொயின்ற் ரேயிஸ் தேசியக் கடற்கரை அமைக்கப்பட்டபின், அங்கிருந்த பண்ணைகளை அரசாங்கம் வாங்கி, பழைய சொந்தக்காரருக்கே குத்தகைக்கு விட்டது. பல தலைமுறையாக உழைத்தவர் குத்தகைக்காரராயினர். சூழற் காவலர் தொடுத்த வழக்கின் முடிவில், 2025 சனவரியில் ஓர் இணக்கம் அறிவிக்கப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் பணம் பெற்றுக்கொண்டு வெளியேற இசைந்தனர். காணியின் உறுதி எவர் கையில் இருக்கின்றது என்பது சிறிய விடயமன்று என்பதை நம் வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்க விளைநிலப் பொறுப்பு நிறுவனத்தின் கணிப்பின்படி, 2001 முதல் 2016 வரை அந்நாடு 110 இலட்சம் ஏக்கர் விளைநிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் குடியிருப்புகளுக்கு இழந்தது. அந்த வெள்ளத்துக்கு இவ்வுறுதிகள் சிறு அணைகளே.

குற்றங்களையும் மறைத்தல் ஆகாது. நன்கொடையாகக் கொடுத்த உரிமையின் பெறுமதிக்கு வருமான வரியிற் கழிவு உண்டு. இதைக் கண்ட முதலீட்டாளர் சிலர் கூட்டாக மலிந்த காணியை வாங்கி, பன்மடங்கு பொய் மதிப்பீடு செய்வித்து, வரியிலிருந்து தப்பினர். 2016இல் வரித்திணைக்களம் இத்தகைய கூட்டுகளைக் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. இட்ட முதலின் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட கழிவுக்கு 2022இல் சட்டம் தடை விதித்தது. செல்வந்தர் இப்பண்ணைகளை வாங்கி, உழாமல் உல்லாச மாளிகைக்குத் தோட்டமாக வைத்திருத்தலும் உண்டு. கட்டடத்தைத் தடுக்கும் உறுதி கலப்பையைக் கொண்டுவராது. ஆதலாற் பிற்காலத்து உறுதிகள் சிலவற்றில், நிலத்திற் பயிரோ மந்தையோ கட்டாயம் இருத்தல் வேண்டும் என்ற வாசகமும் சேர்க்கப்படுகின்றது.

நமது நாட்டில் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம், ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி வயலை நிரப்புதலைக் குற்றமாக்கியுள்ளது. நல்லதே. ஆயினும் வயலைக் காத்திருப்பவனுக்கு அச்சட்டம் அதற்காக ஒரு சதமும் கொடுப்பதில்லை. வெங்காயமும் புகையிலையும் விளையும் செம்மண் தோட்டமோ நெற்காணியன்று. தோட்டத்தை மனையாக வாங்குவோர் யார்? நம் வாசகருள் உத்தியோகத்தரும் வைத்தியரும் வழக்கறிஞரும் தத்தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்க.

றோமன் டச்சுச் சட்டம் அறிந்த காணிப் பணிமை, ஒரு காணியின் நன்மைக்காக மற்றொரு காணி சுமக்கும் சுமையாகும். அயற்காணி இல்லாத ஒரு பொறுப்புச் சபை அதைப் பெறுவதற்கு அது இடமளிக்காது. அமெரிக்கருக்கும் அவர்களுடைய பொதுச் சட்டத்தில் இதையொத்த தடையே இருந்தது. மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றியே அதைக் கடந்தன. 1981இல் வெளிவந்த மாதிரிச் சட்டம் பலவற்றுக்கு வழிகாட்டிற்று. அம்மாதிரியை எடுத்து, நம் மண்ணுக்கும் தேசவழமைக்கும் ஏற்ப ஒரு நகல் எழுத நம் வழக்கறிஞர் முன்வரல் வேண்டும். பணம் எங்கிருந்து வரும், மதிப்பீட்டை யார் செய்வது, உழாமல் விட்டால் என்ன தண்டம் என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்நகல் விடை கூறட்டும். கமக்காரர் அமைப்புகள் அதை வாசித்துத் தம் கருத்தைச் சொல்லும் வரை, எவரும் அதைப் பாராளுமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டாம்.