குடைப்பனைக்கு ஏற்ற இடம்

பனையைப் பார்க்காத வாசகர் நம்மில் இரார். குடைப்பனையைக் கண்டவர் மிகச் சிலரே. தாளிப்பனை என்றும் இதற்குப் பெயருண்டு. கேரளத்திலும் இலங்கையிலும் இயல்பாக வளரும் இம்மரத்தின் விசிறியோலை ஒன்றே 16 அடி வரை விரியும். முன்னாளில் இவ்வோலையால் குடை செய்தனர், கூடாரம் அமைத்தனர். பனையேட்டினும் மெல்லியதாகவும் அகன்றதாகவும் இருந்தமையால் சுவடி எழுதவும் விரும்பிக் கொண்டனர்.

இதனை வளர்க்க விழைவோர் எருவையும் நீரையும் பற்றியே முதலில் கேட்கின்றனர். அவை எளியவை. நல்ல வெயில், நீர் தேங்காத மண், கோடையில் தவறாத பாய்ச்சல் ஆகியவை போதும். முதலில் கேட்க வேண்டியது இடத்தைப் பற்றியே. இளமரம் பல ஆண்டுகள் தண்டு எழுப்பாமல், தரையிலிருந்தே ஓலைகளை நாற்புறமும் பரப்பும். காம்பின் விளிம்பிலோ கூரிய பற்கள். ஆகவே நடைபாதை ஓரமும், குழந்தைகள் விளையாடும் முற்றமும் இதற்கு ஆகா. முதிர்ந்தபின் 80 அடி உயரக்கூடிய மரம் இது. நாலைந்து சென்ட் மனையில் இதனை நட முயல்வது வீண் ஆசை என்றே நாம் கருதுகிறோம். தென்னந்தோப்பின் ஓரமோ, பரந்த கோயில் வளாகமோ தகும்.

பழத்தின் சதையை நீக்கி, கொட்டையை ஊறவைத்து ஊன்றுக. முளைக்கச் சில மாதங்கள் ஆகலாம். முளை முதலில் ஆழ்ந்து கீழிறங்கிய பின்னரே இலை மேலே வரும். எனவே நிலையான இடத்திலேயே ஊன்றுவது நன்று, அன்றேல் ஆழமான தொட்டி வேண்டும். பனைகளுக்கு வளரும் நுனி ஒன்றே. அது சிதைந்தால் மரம் பட்டுப்போம். குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது வீட்டுச் சிறுவர்களை இதனருகே விடாதிருப்பது நலம்!

இம்மரம் பூப்பது வாழ்நாளில் ஒரே முறை. அதுவும் 30 முதல் 80 ஆண்டுகளுக்குள். உச்சியில் 20 அடிக்கு மேல் எழும் பூங்கொத்தில் பல இலட்சம் சிறு பூக்கள் மலரும். பிரேசில் நாட்டு ரியோ நகரின் பிளமிங்கோ பூங்காவில் தோட்டக் கலைஞர் பர்லே மார்க்ஸ் 1960-களில் நடுவித்த குடைப்பனைகள் 2025-ஆம் ஆண்டின் இறுதியில்தான் பூத்தன. அவர் 1994-லேயே மறைந்துவிட்டார்.

பூத்தபின் காய்கள் முதிர ஏறத்தாழ ஓராண்டு செல்லும். பிறகு மரம் மெல்ல மடியும். இன்று நாற்பது வயதில் இதனை ஊன்றும் தந்தை அதைக் காண்பாரோ, காணாரோ. பட்ட மரத்தை இறக்கும் பொறுப்பு பெரும்பாலும் பிள்ளைகளையே சேரும். மரம் எப்பக்கம் சாய்ந்தாலும் கூரையும் மின்கம்பியும் தப்பும்படி இன்றே இடம் தெரிவு செய்து கொடுப்பது நம் கடமை. பட்டதை நெடுநாள் நிறுத்தி வைக்கலாகாது. புறம் வலியதாயினும் உட்சோறு மென்மையானது, விரைவில் உளுத்துவிடும். வெட்டுமுன், உதிர்ந்த பழங்களில் ஒரு கூடையை எடுத்து வைத்துக்கொள்க.