இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சை: ஆய்வுகள் கூறுவதும் நீங்கள் கேட்க வேண்டியதும்

இரைப்பையில் புற்றுநோய் இருப்பதாகத் திசு ஆய்வு அறிக்கை வந்தவுடன், குடும்பத்தில் இரு வேறு கருத்துகள் எழுவது வழக்கம். நாளையே அறுவை சிகிச்சையை முடித்துவிட வேண்டும் என்பார் ஒருவர். கத்தி பட்டால் நோய் பரவிவிடும், வேண்டாம் என்பார் மற்றொருவர். கடந்த 30 ஆண்டுகளில் பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகளின் முடிவுகள் இவ்விரு கருத்துகளுக்கும் துணை நிற்கவில்லை. அறுவை சிகிச்சை எந்தக் கட்டத்தில், எத்தகைய குழுவினரால், எந்த மருந்துகளுக்குப் பின் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே நோயாளியின் வாழ்நாள் அமைகிறது என்று அவை காட்டுகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் முடிவெடுக்கும் முன் அறிந்துகொள்ள வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

நோய் ஏன் தாமதமாகக் கண்டறியப்படுகிறது?

2022ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 9.7 லட்சம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, ஏறத்தாழ 6.6 லட்சம் பேர் அதனால் உயிரிழந்தனர். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலிருந்து பராமரித்துவரும் பதிவேட்டிலும், ஆண்களைத் தாக்கும் முக்கியப் புற்றுநோய்களுள் ஒன்றாக இது தொடர்ந்து இடம்பெற்று வருகிறது.

தென் கொரியாவில் 40 வயது நிறைந்தோருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இரைப்பைப் பரிசோதனை செய்யப்படுகிறது. 2010 முதல் 2014 வரை அங்கு இந்நோய் கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ 69 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தனர். ஜப்பானில் இது ஏறத்தாழ 60 சதவீதம். இந்தியாவில் இவ்விகிதம் மிகவும் குறைவு. நோய் முற்றிய நிலையில் மருத்துவமனைக்கு வருவதே இதற்கு முதன்மைக் காரணம். நம் நாட்டின் அரசுப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களை முன்னிறுத்துகிறது. இரைப்பைப் புற்றுநோய் அதில் இடம்பெறவில்லை. ஆகவே, அறிகுறிகளை நீங்களே கவனித்து மருத்துவரை அணுகுவதுதான் இங்கு முதல் பரிசோதனையாகும்.

காரணமின்றி எடை குறைதல், சிறிதளவு உண்டதும் வயிறு நிறைந்துவிடுதல், விழுங்குவதில் சிரமம், அடிக்கடி வாந்தி, தார் போன்று கறுத்த மலம், இரத்தசோகை, நடுவயதுக்குப் பின் புதிதாகத் தோன்றும் அஜீரணம் ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவற்றில் ஏதேனும் இருந்தால் எண்டோஸ்கோப்பி பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். மருந்துக் கடையில் வாங்கும் அமிலக் குறைப்பு மாத்திரைகள் வலியைத் தற்காலிகமாகத் தணித்து, நோயை மறைத்துவிடக்கூடும். மீன்பிடித் தடைக்காலம் வரட்டும், உப்பள வேலை முடியட்டும் என்று பரிசோதனையை மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

அறுவை சிகிச்சையில் என்ன செய்யப்படுகிறது?

நோய் இரைப்பையின் உள்சவ்வுக்குள் அடங்கியிருக்கும் மிகத் தொடக்க நிலையில், தகுதியுள்ள சிலருக்கு எண்டோஸ்கோப்பி வழியாகவே கட்டியை அகற்ற இயலும். அந்நிலையைக் கடந்து, ஆனால் பிற உறுப்புகளுக்குப் பரவாமல் இருக்கும்போது, முழுக் குணம் பெறும் வாய்ப்பை அளிப்பது அறுவை சிகிச்சையே. கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்து இரைப்பையின் ஒரு பகுதியோ முழு இரைப்பையுமோ அகற்றப்படும். அறுவை சிகிச்சையால் நோய் பரவிவிடும் என்ற அச்சத்திற்கு மருத்துவச் சான்று இல்லை.

இரைப்பையுடன் சேர்த்து அதனைச் சூழ்ந்துள்ள நிணநீர்க் கணுக்களும் அகற்றப்பட வேண்டும். புற்றுச் செல்கள் முதலில் சென்று தங்கும் இடங்கள் அவை. இரைப்பையை ஒட்டியுள்ள கணுக்களை மட்டும் அகற்றுவது டி1 முறை. இரைப்பைக்குச் செல்லும் முக்கிய இரத்தக் குழாய்களைச் சுற்றியுள்ள கணுக்களையும் அகற்றுவது டி2 முறை. இவற்றுள் எது சிறந்தது என்பது நெடுங்காலம் விவாதத்திற்குரியதாக இருந்தது.

நெதர்லாந்தில் 711 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு இவ்விவாதத்தின் இரு பக்கங்களையும் காட்டியது. அறுவை சிகிச்சையை ஒட்டிய இறப்பு டி1 பிரிவில் 4 சதவீதமாகவும் டி2 பிரிவில் 10 சதவீதமாகவும் இருந்தது. இதனால் டி2 ஆபத்தான முறை எனத் தொடக்கத்தில் கருதப்பட்டது. ஆனால் 15 ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2010இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. இரைப்பைப் புற்றுநோயால் இறந்தோர் டி1 பிரிவில் 48 சதவீதம். டி2 பிரிவில் 37 சதவீதம். டி2 முறை நோயைச் சிறப்பாகக் கட்டுப்படுத்தியது என்பது தெளிவாயிற்று. தொடக்க இறப்புகளுக்கு, அக்காலத்தில் மண்ணீரலையும் கணையத்தின் வால் பகுதியையும் சேர்த்து அகற்றியதும், அம்முறையில் அறுவை மருத்துவர்களுக்குப் போதிய பழக்கம் இல்லாததும் முக்கியக் காரணங்களாகக் கண்டறியப்பட்டன.

இதே காலத்தில், டி2 முறையில் நீண்ட அனுபவம் கொண்ட ஜப்பானிய மருத்துவமனைகளில் 523 பேரிடம் நடந்த ஆய்வில் இறப்பு 1 சதவீதத்திற்கும் குறைவாகவே இருந்தது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற இந்திய மையங்களும் டி2 முறையைப் பாதுகாப்பாகச் செய்ய இயலும் என்பதைத் தம் வெளியீடுகளில் காட்டியுள்ளன. இன்று மண்ணீரலையும் கணையத்தையும் தேவையின்றி அகற்றாமல் செய்யப்படும் டி2 முறையே பெரும்பாலான நோயாளிகளுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது.

இதிலிருந்து நீங்கள் அறிய வேண்டியது, ஒரே அறுவை சிகிச்சை பழகிய குழுவின் கையில் ஒரு பலனையும், பழகாத குழுவின் கையில் வேறொரு பலனையும் தருகிறது என்பதே. வீட்டிற்கு அருகில் இருப்பதையும் உடனே தேதி கிடைப்பதையும் மட்டும் கொண்டு மருத்துவமனையைத் தேர்ந்தெடுப்பது சரியாகாது.

அறுவைக்கு முன் கீமோதெரபி ஏன்?

நோய் இரைப்பைச் சுவரில் ஆழமாக ஊடுருவியிருந்தாலோ கணுக்களைத் தொட்டிருந்தாலோ, முதலில் கீமோதெரபி அளித்துப் பின்னர் அறுவை சிகிச்சை செய்வது இன்று பரவலாக ஏற்கப்பட்ட முறை. 2006இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், அறுவை சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 23 சதவீதத்தினரும், அதற்கு முன்னும் பின்னும் கீமோதெரபி பெற்றவர்களில் 36 சதவீதத்தினரும் ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தனர். 2019இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், நான்கு மருந்துகள் கொண்ட ‘ஃப்ளாட்’ என்னும் கூட்டுமுறை, பழைய முறையின் சராசரி வாழ்நாளான 35 மாதங்களை 50 மாதங்களாக உயர்த்தியது.

2025இல், இம்மருந்துகளுடன் டர்வாலுமாப் என்னும் நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்து 948 பேரிடம் நடத்திய பன்னாட்டு ஆய்வின் முடிவு வெளியானது. இரண்டு ஆண்டுகள் வரை நோய் மீளாமலும் முற்றாமலும் இருந்தோர் விகிதம் 59இலிருந்து 67 சதவீதமாக உயர்ந்தது. இம்மருந்தின் விலை மிக அதிகம். அது கிடைக்கவில்லை என்பதற்காக வழக்கமான கீமோதெரபியையோ அறுவை சிகிச்சையையோ தாமதப்படுத்தக் கூடாது.

எனவே, அறுவைக்கு முன் இரண்டு மாதங்கள் மருந்து தரவேண்டும் என்று மருத்துவர் கூறினால், காலம் வீணாகிறது என்று எண்ண வேண்டாம். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே. கடுமையான இரத்தக்கசிவு, அடைப்பு, இரைப்பையில் துளை ஆகிய அவசர நிலைகளில் மட்டும் இவ்வரிசை மாறலாம்.

லேப்ராஸ்கோப்பி முறை சிறந்ததா?

சீனாவில் 1,056 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில், மூன்று ஆண்டுகள் நோயின்றி இருந்தோர் லேப்ராஸ்கோப்பி முறையில் 76.5 சதவீதமும், வயிற்றைத் திறந்து செய்யும் முறையில் 77.8 சதவீதமும் ஆவர். அனுபவமிக்க குழு செய்யும்போது இரண்டும் ஏறத்தாழச் சமமான பலனையே தருகின்றன. சிறு துளை முறை என்பதற்காக மட்டும் கூடுதல் பணம் செலவிடவோ கடன் வாங்கவோ தேவையில்லை.

அறுவை சிகிச்சை வேண்டாம் என்று மருத்துவர் கூறினால்?

கல்லீரலுக்கோ வயிற்று உறைக்கோ நோய் பரவிவிட்ட நிலையில், இரைப்பையையாவது அகற்றிவிடுங்கள் என்று குடும்பத்தினர் வேண்டுவதுண்டு. ஜப்பான், தென் கொரியா, சிங்கப்பூர் மருத்துவமனைகள் இணைந்து நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகையோருக்கு முதலில் இரைப்பையை அகற்றிப் பின் கீமோதெரபி அளித்ததால், கீமோதெரபி மட்டும் அளித்ததைவிட வாழ்நாள் கூடவில்லை. ஆகவே அறுவையைத் தவிர்ப்பது கைவிடுவதாகாது. மருந்துச் சிகிச்சை, அடைப்பு இருந்தால் ஸ்டென்ட் அல்லது மாற்றுப்பாதை, வலி தணிப்புச் சிகிச்சை ஆகியவை தொடரும்.

தூத்துக்குடியிலிருந்து எங்கு செல்லலாம்?

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பரிசோதனையைத் தொடங்கலாம். மேல் சிகிச்சைக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னையின் அரசு மருத்துவமனைகள், அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகியவற்றுக்குப் பரிந்துரை பெறலாம். அறுவை சிகிச்சையைப் பெரிய மையத்தில் செய்துகொண்டு, தொடர் கண்காணிப்பை அருகிலேயே மேற்கொள்வது பயணச் சுமையைக் குறைக்கும். புற்றுநோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான சான்றை மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். அட்டை இல்லாதோர் குடும்ப அட்டை, வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தை அணுகலாம். நகையை அடகு வைப்பதற்கு முன் இதனை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் கேளுங்கள்

• நோய் எந்த நிலையில் உள்ளது? சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டதா? லேப்ராஸ்கோப்பி மூலம் வயிற்றுக்குள் பார்க்க வேண்டுமா?
• அறுவை மருத்துவரும் கீமோதெரபி மருத்துவரும் கலந்து பேசி முடிவெடுத்தார்களா?
• முதலில் கீமோதெரபி தேவையா? இல்லையெனில் ஏன்?
• இக்குழு இவ்வறுவை சிகிச்சையை எவ்வளவு அடிக்கடி செய்கிறது?
• டி2 முறையில் செய்யப்படுமா? அகற்றிய கணுக்களில் குறைந்தது 15 ஆய்வகத்தில் பரிசோதிக்கப்படுமா?

இக்கேள்விகளை மருத்துவர்கள் தவறாகக் கருதுவதில்லை. நோயாளியிடம் நோயை மறைத்து, உறவினர் மட்டும் முடிவெடுப்பதைத் தவிருங்கள். சிகிச்சையைத் தாங்கப்போகும் அவருக்குத் தம் நிலையை அறியும் உரிமை உண்டு.

அறுவைக்கு முன்னும் பின்னும்

புகையிலையையும் மதுவையும் உடனே நிறுத்துங்கள். முட்டை, மீன், பருப்பு, பால் முதலிய புரத உணவுகளை இயன்ற அளவு உண்ணச் செய்து, எடை மேலும் குறையாமல் பாருங்கள். நாள்தோறும் நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் நுரையீரல் தொற்றைத் தவிர்க்க உதவும்.

அறுவைக்குப் பின் மூன்று வேளை உணவை ஆறு சிறு வேளைகளாகப் பிரித்து, நன்கு மென்று உண்ண வேண்டும். உணவுடன் அதிக நீர் பருகக் கூடாது. மக்ரூன், பதநீர், கருப்பட்டி காபி போன்ற இனிப்புப் பண்டங்களும் பானங்களும் விரைவாகக் குடலுக்குள் இறங்கி, படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கலாம். முழு இரைப்பையும் அகற்றப்பட்டவர்கள் வாழ்நாள் முழுவதும் வைட்டமின் பி12 ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். கடலுக்கோ, துறைமுகத்திற்கோ, உப்பளத்திற்கோ வேலைக்குத் திரும்பும் காலத்தை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காய்ச்சல், கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, காயத்தில் சீழ் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசர ஊர்திக்கு 108 எண்ணையும், மருத்துவ ஆலோசனைக்கு 104 எண்ணையும் அழைக்கலாம். இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்களுக்குரிய சிகிச்சையை உங்கள் மருத்துவருடன் கலந்தாலோசித்து முடிவு செய்யுங்கள்.