எய்தவன் இருக்க அம்பை நோவதா?



அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து ஆட்டங்களை விடியற்காலையில் எழுந்து பார்க்கும் பிள்ளைகள் உங்களில் பலர். அணி நாலு ஆட்டம் தோற்றதும் "முதல்ல கோச்சைத் தூக்குங்க" என்று பதிவு போடுவதும் நீங்கள்தான். கொஞ்சம் பொறுமையாக இதைப் படியுங்கள்.

முதலில் ஒரு கணக்கு. 2019 முதல் 2023 வரை கோப்பை வென்ற பயிற்சியாளர்கள் ஐவர்: டொரன்டோவின் நிக் நர்ஸ், லேக்கர்ஸின் ஃபிராங்க் வோகல், மில்வாக்கியின் மைக் புடன்ஹோல்சர், கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டீவ் கெர், டென்வரின் மைக்கேல் மலோன். 2025 ஏப்ரல் முடிவதற்குள் இவர்களில் நால்வரை அதே அணிகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டன. தப்பியவர் கெர் மட்டுமே. மாநில முதலிடம் வாங்கிய ஐந்து பேரில் நாலு பேருக்கு டி.சி. கொடுக்கும் பள்ளிக்கூடத்தை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?

மலோனை நீக்கியபோது அணி 47 வெற்றி, 32 தோல்வி என்ற நிலையில் இருந்தது. வழக்கமான ஆட்டங்களில் மூன்றுதான் பாக்கி. டொரன்டோவில் 2018-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. 59 ஆட்டங்களை வென்று தந்த டுவேன் கேசியை மே மாதம் நீக்கினார்கள். ஜூன் மாதம் அவருக்கே ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது!

ஏன் இப்படி? ஆட்டக்காரர்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உறுதி செய்யப்பட்டவை. ஒருவரை விடுவித்தாலும் அவர் சம்பளம் அணியின் சம்பள உச்சவரம்புக் கணக்கில் ஏறும். பயிற்சியாளரின் சம்பளம் அந்தக் கணக்கிலேயே வராது. தவறான ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுத்த நிர்வாகி தன்னைத்தானே நீக்கிக்கொள்ள மாட்டார். முதலாளியை யாரும் நீக்க முடியாது. மிஞ்சுவது யார்? ஓரத்தில் நின்று கத்திக்கொண்டிருக்கும் அந்த மனிதர்தான். எளிதாக வெட்ட முடிகிற தலை என்பதாலேயே அது வெட்டப்படுகிறது.

"சார், அவர்களுக்குக் கோடிக்கணக்கில் சம்பளம், நீக்கினாலும் பணம் வந்துவிடும்" என்பீர்கள். உண்மை. டெட்ராய்ட் அணி 2023-இல் மான்டி வில்லியம்ஸுடன் ஆறு ஆண்டு ஒப்பந்தம் போட்டு, ஒரே பருவத்தில் அனுப்பியது. பணம் அவருக்குக் கிடைக்கும். ஆனால் ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த இளம் அணியை ஓராண்டில் யாரால் நிமிர்த்த முடியும்? அந்தப் பிள்ளைகளுக்கு வருடத்துக்கொரு வாத்தியார் வந்தால் பாடம் எங்கே நடக்கும்? பணம் ஒருவரின் இழப்பை ஈடு செய்யலாம். பாதியில் விட்ட பாடத்தை ஈடு செய்யாது.

"மாற்றினால் பலன் வருகிறதே" என்றும் கேட்பீர்கள். கிளீவ்லாந்து 2016 ஜனவரியில், 30 வெற்றி 11 தோல்வியோடு இருந்த டேவிட் பிளாட்டை நீக்கி டைரன் லூவை அமர்த்தியது. அந்த ஆண்டே கோப்பை. மறுக்கவில்லை. பிறகு நடந்ததையும் சொல்லுங்கள். 2018-இல் லெப்ரான் ஜேம்ஸ் லேக்கர்ஸுக்குப் போனார். அணி முதல் ஆறு ஆட்டங்களிலும் தோற்றது. அதே லூ நீக்கப்பட்டார்! போனது ஆட்டக்காரர், பழி பயிற்சியாளருக்கு.

பொறுத்திருந்தவர்களும் உண்டு. 2010-இல் லெப்ரான், வேட், பாஷ் மூவரும் சேர்ந்த மயாமி அணி முதல் 17 ஆட்டங்களில் எட்டில் தோற்றது. எரிக் ஸ்போல்ஸ்ட்ராவை நீக்கச் சொல்லிப் பெரிய கூச்சல். தலைவர் பேட் ரைலி அசையவில்லை. 2011 இறுதிப் போட்டியில் தோற்றபோதும் கைவிடவில்லை. 2012, 2013 இரண்டு ஆண்டும் கோப்பை மயாமிக்கே.

உங்களில் பலர் இன்று பத்துப் பேரை வேலை வாங்கும் இடத்தில் இருக்கிறீர்கள். திட்டம் சறுக்கும்போது ஒருவரை வெளியே அனுப்பிவிட்டால், ஏதோ செய்துவிட்டோம் என்ற நிம்மதி மேலே இருப்பவர்களுக்குக் கிடைக்கும். அந்த நிம்மதிக்குப் பெயர் நிர்வாகம் அல்ல. ஆளைத் தேர்ந்தெடுத்தது யார், இலக்கை வைத்தது யார், அவகாசம் கொடுத்தோமா என்ற மூன்று கேள்விகளையும் முதலில் உங்களையே கேளுங்கள். அதன் பிறகும் அவர்மேல்தான் குறை என்றால், தாராளமாக அனுப்புங்கள்.

மாற்றுக்கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். வாதாடத் தயார்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்