உதிரி கிடைக்காத உபகாரம்

கருங்குழி என்று சொன்னதும், "வள்ளலார் தண்ணீரில் விளக்கெரித்த ஊரல்லவா?" என்று பலர் கைகூப்பிவிடுவார்கள். அந்தக் கருங்குழி வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் சொல்லும் கருங்குழி மதுராந்தகத்துக்கு வடக்கே, செங்கற்பட்டுக்குப் போகும் பெருஞ்சாலையை ஒட்டிக் கிடப்பது. ஒரு காலத்தில் ஜில்லாக் கலெக்டரின் கச்சேரியே இங்கேதான் இருந்தது. இன்று அந்தப் பெருமைக்குச் சாட்சியாக இடிந்த கோட்டை ஒன்றுதான் மிச்சம். எங்கள் ஊரில் அற்புதம் எதுவும் நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் சென்ற ஆவணியில் ஒரு டூ வீலர் பட்டறையில் ஒரு காரியம் நடந்தது. பார்த்தவர்களெல்லாம் அதை அற்புதம் என்றார்கள். அது அற்புதமாக இருந்திருக்கவே கூடாது என்பதுதான் என் கட்சி.

விஷயம் என் தமக்கையின் நாற்காலி பற்றியது.

அக்காவுக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. கால்கள் இரண்டும் போயின. கைகள் இருந்தன. கையால் தள்ளும் சக்கர நாற்காலியில் போய்வந்தே முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். ஐம்பது தாண்டியதும் தோள்களும் மக்கர் பண்ணத் தொடங்கின. இளம்பிள்ளை வாதம் வந்தவர்களுக்குப் பல வருஷம் கழித்து நல்ல தசைகளும் சோர்ந்துபோவது உண்டு. வைத்தியர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஆகவே ஒன்பது வருஷத்துக்கு முன், அவளுடைய சேமிப்பும் என் புத்தகங்களின் சொற்பப் பணமும் சேர்ந்து, வெளிநாட்டில் செய்த பாட்டரி நாற்காலி ஒன்றை வாங்கினோம். அன்று முதல் சாயங்காலம் ஐந்து மணிக்கு அவள் தானே தெருவில் இறங்கி, தானே கடைக்குப் போய், தானே பேரம் பேசி, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் திண்ணைக்குத் தானே போய்ச் சேர்ந்தாள். 'தானே' என்ற சொல்லை நான் நாலு தடவை எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாற்காலிக்கு நாங்கள் கொடுத்த விலை முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குத்தான்.

சென்ற வருஷம் நாற்காலி 'டக் டக்' என்று முனக ஆரம்பித்தது. பிறகு வலப்பக்கம் சாய்ந்தது. பிடியை நேராகத் தள்ளினால் வண்டி கோணலாகப் போயிற்று. பாட்டரி நாற்காலி ஆளோடு சேர்ந்து ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல் கனம். அந்தக் கனத்தைத் தாங்க அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங்குகள், சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகள், அந்தக் கைகள் ஆடும் மூட்டுக்களில் விரல் பருமனில் புஷ்கள். எங்கள் தெருவின் கல்லும் பள்ளமும் வீட்டுக்கு வீடு போட்டிருக்கும் வேகத்தடையும் சேர்ந்து ஒன்பது வருஷத்தில் அந்தப் புஷ்களைத் தின்றுவிட்டன. வலப்பக்க ஸ்பிரிங் தளர்ந்து குட்டையாகிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு கல்லும் நேராக அக்காவின் இடுப்பில் வந்து உட்கார்ந்தது. அவளுக்காவது வலி தெரிகிறது. முதுகுத் தண்டில் அடிபட்டவர்களுக்கு அதுவும் தெரியாது. சாய்ந்த நாற்காலியில் ஒரே பக்கம் அழுந்தி உட்கார்ந்தால் சதை புண்ணாகும்; அந்தப் புண் புரையோடினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே இது சொகுசைப் பற்றிய பேச்சல்ல.

விற்றவர்களுக்குப் போன் செய்தேன்.

"அந்த மாடல் நின்றுபோய்விட்டது, சார்."

"மாடல் நின்றால் நிற்கட்டும். எனக்கு இரண்டு ஸ்பிரிங்கும் நாலு புஷ்ஷும் போதும்."

"தனியாக வராது, சார். புதுசாக வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது நல்ல நல்ல மாடல் வந்திருக்கிறது."

"அளவையாவது சொல்லுங்கள், கடைசல் போட்டுக்கொள்கிறேன்."

"அதெல்லாம் கம்பெனி ரகசியம், சார்."

செருப்பு வார் அறுந்ததற்குக் காலை மாற்றிக்கொள்ளச் சொன்னதுபோல் இருந்தது. அந்த இளைஞரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் கிளிப்பிள்ளை. கோபம், அவருக்கு அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களிடம்.

கடைசியில் பட்டறைத் தம்பிதான் கைகொடுத்தான். பாட்டரி இணைப்பைக் கழற்றி, இரண்டு பாட்டரிகளையும் வெளியே எடுத்துக் கனத்தைக் குறைத்து, மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, மூட்டுக்களைப் பிரித்தான். புஷ்கள் முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தன. போல்ட்டுகளில் பள்ளம் விழுந்திருந்தது. தேயாத ஓரத்தை அளந்துகொண்டு போய், செங்கற்பட்டு லேத்தில் வெண்கலத்தில் கடைந்துகொண்டு வந்தான். ஸ்பிரிங்குக்குப் புதுப்பேட்டையில் அலைந்து, ஒரு பழைய மொபெட்டின் ஸ்பிரிங்குகளைப் பிடித்தான். நீளமும் அகலமும் கச்சிதமாக உட்கார்ந்தன. எல்லோரும் கைதட்டினோம். அக்கா தெருவில் நூறு கஜம் போய்விட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

"தம்பி, இது ஸ்பிரிங் இல்லை, உலக்கை" என்றாள்.

"கம்பி ஒரு மில்லிமீட்டர்தானே அக்கா கூட? பழசு ஆறு, இது ஏழு."

அக்கா அவனைப் பழைய மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பிப் பருமனின் நான்காம் அடுக்கில் ஏறும்டா. ஆறின் நான்காம் அடுக்கு 1296. ஏழுக்கு 2401. வகுத்துப் பார். கிட்டத்தட்ட 1.85 மடங்கு. நீ எனக்கு ஒரு மில்லிமீட்டரா கூட்டினாய்? ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிட்டாய்!"

பிறகு கம்பியின் பருமன், சுருளின் விட்டம், சுற்றுக்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் தளராத இடப்பக்க ஸ்பிரிங்கைப் பார்த்துக் குறித்துக் கொடுத்தாள். அம்பத்தூர்ப் பக்கம் ஒரு சிறு பட்டறையில் அதே அளவில் இரண்டு சுருட்டி வாங்கினோம். ஒன்று போதுமே என்றேன் நான். புதிது ஒரு பக்கமும் பழசு ஒரு பக்கமும் இருந்தால் மறுபடி சாயும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று இருவரும் என்னை அடக்கிவிட்டார்கள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அக்கா தெருவில் இறங்கினாள். சத்தமில்லை, சாய்வில்லை.

ஊரார், "நம் ஆட்களின் மூளையே மூளை!" என்று மெச்சினார்கள். எனக்கு அந்த மெச்சல் கசந்தது. ஏன் தெரியுமா? ஒரு ஸ்பிரிங்குக்காக ஒன்றரை மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவள் அக்கா. அவளுக்குக் கணக்குத் தெரியும், தம்பிக்குக் கைவேலை தெரியும், எனக்கு நாலு பேரைத் தெரியும். இந்த மூன்றும் இல்லாத வீட்டில் நாற்காலி என்ன ஆகும்? கொல்லைப்புறத்துக்குப் போகும். அதன்மேல் துணி காயும். அதில் உட்கார்ந்திருந்தவர் கட்டிலுக்குத் திரும்புவார். சாமர்த்தியத்தைப் புகழ்வது நல்லதுதான். ஆனால் கிடைக்க வேண்டியது கிடைக்காததை மூடிமறைக்க அந்தப் புகழ்ச்சி ஜமக்காளமாக விரிக்கப்படும்போது, எனக்கு அதில் சம்மதமில்லை.

நாற்காலி கொடுக்கிறவர்கள் நம் நாட்டில் குறைவில்லை. மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டம் 1981-லிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டு அரசு தசைச் சிதைவு நோயாளிகளுக்கும் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டவர்களுக்கும் பாட்டரி நாற்காலி கொடுக்கிறது. தர்ம ஸ்தாபனங்களும் கொடுக்கின்றன. இதையெல்லாம் குறை சொல்பவன் நன்றி கெட்டவன். ஆனால் கொடுக்கும் நாளில் பந்தல், மாலை, போட்டோ. புஷ் தேய்கிற நாளில் யார் வருகிறார்கள்? ஒரு புஷ்ஷைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தால் படத்தில் விழாது. அதனால்தானோ என்னவோ அதை யாரும் கொடுப்பதில்லை. பசுவைத் தானம் செய்துவிட்டுப் புல்லைப் பூட்டி வைத்தால் அது என்ன தானம்?

நாற்காலியை நாம் இன்னும் அனுதாபப் பண்டமாகவே நினைக்கிறோம். அதுதான் கோளாறுகளுக்கெல்லாம் மூலக் கோளாறு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் எழுந்ததும் அவரால்தான். அவருக்கு நாற்காலி அனுதாபமா? அறுவைக் கத்தியைப்போல அதுவும் ஒரு தொழிற்கருவி. கருவி என்றால் தேயும். தேய்ந்தால் மாற்ற வேண்டும். இதில் கண்ணீருக்கு இடமே இல்லை.

எங்கள் ஜில்லாவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மறுவருஷம் மறைமலைநகர் ஆலையில் கார் உற்பத்தி நின்றது. ஆனால் அந்த அறிவிப்பிலேயே, ஏற்கெனவே கார் வாங்கியவர்களுக்கு உதிரிப் பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்றும் கம்பெனி சொல்லிற்று. கவனியுங்கள்: ஆலையே நிற்கிறபோதும் கார்க்காரருக்கு உதிரி உண்டு. ஒரு மாடல் மட்டும் நின்றாலே நாற்காலிக்காரருக்கு உதிரி இல்லை. கார் இல்லாதவன் பஸ்ஸில் போகலாம். நாற்காலி இல்லாதவள் எதில் போவாள்?

எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்டுவிடுவோம். "கண்டவர்கள் கைவைத்தால் ஆபத்து" என்கிறார்கள். உண்மைதான். மொபெட் ஸ்பிரிங் கதையை நானே ஒப்புக்கொண்டேனே! ஆனால் தம்பி தவறியது ஏன்? அளவு தெரியாததால். அளவு யாரிடம் இருந்தது? ரகசியம் என்று சொன்னவர்களிடம். விளக்கை ஒளித்து வைத்துவிட்டு, இருட்டில் தடுக்கி விழுந்தவனைக் கண்டிப்பது எந்த ஊர் நியாயம்? "வாங்குகிறவர்கள் கொஞ்சம் பேர், உதிரி வைத்துக் கட்டாது" என்கிறார்கள். சரி, வைக்க வேண்டாம். படத்தையும் அளவையும் கொடுங்கள். கருங்குழியிலிருந்து கன்னியாகுமரி வரை லேத் இருக்கிறது.

"சட்டத்தால் இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாகாணம் 2022-ல் ஒரு சட்டம் செய்தது. பாட்டரி நாற்காலி செய்கிறவர்கள் உதிரிகளையும் கருவிகளையும் கையேடுகளையும் சொந்தக்காரருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தாக வேண்டும். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது அமலில் இருக்கிறது. நம் மத்திய சர்க்காரும் அதே 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்து நாலு துறைகளைக் குறித்தது: விவசாயக் கருவி, செல்போன் வகையறா, வீட்டுச் சாமான், மோட்டார் வாகனம். டிராக்டருக்கு இடம் உண்டு, செல்போனுக்கு இடம் உண்டு, குளிர்சாதனப் பெட்டிக்கும் இடம் உண்டு. மனுஷி உட்கார்ந்திருக்கும் நாற்காலியை அந்தப் பட்டியலில் எழுத மறந்துவிட்டார்கள்.

நம்மவர்களுக்குச் செய்யத் தெரியாது என்ற சாக்கும் செல்லாது. சென்னை ஐ.ஐ.டி.யில் 2019-ல் எழுந்து நிற்க வைக்கும் நாற்காலியை உருவாக்கினார்கள். அங்கே வளர்ந்த நிறுவனம் ஒன்று, சக்கர நாற்காலியோடு பூட்டிச் சாலையில் ஓட்டும் மோட்டார் வண்டியை 2021-ல் கொண்டுவந்தது. ஒரகடத்தில் கார்களின் சஸ்பென்ஷனைக் குலுக்கிப் பார்க்கத் தனிப் பரிசோதனைப் பாதைகளே போட்டிருக்கிறார்கள். மூளை இருக்கிறது, இரும்பு இருக்கிறது, உலை இருக்கிறது. இல்லாதது, கட்டாயம் ஒன்றுதான்.

நான் கேட்பது பெரிதில்லை. நாற்காலி விற்றாலும் தானம் கொடுத்தாலும், கூடவே தேயும் பாகங்களின் அளவுப் பட்டியலையும் கொடுக்க வேண்டும். குறைந்தது பத்து வருஷத்துக்கு உதிரி கிடைக்க வேண்டும். கிடைக்காதென்றால் பிறர் செய்துகொள்ளத் தடை சொல்லக் கூடாது. அரசு கொடுக்கும் நாற்காலிக்குத் தாலுகா தோறும் பழுதுபார்க்க ஓர் ஆள் வேண்டும். பட்டறைத் தம்பிகளையே அழைத்துப் பயிற்சி கொடுத்தால் போதும். இதில் எது முடியாத காரியம்?

இதை எழுதி முடித்ததும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, என்னை ரொம்பக் கெட்டிக்காரியாக எழுதிவிட்டாய். கணக்குத் தெரியாத ஒருத்தி இதைப் படித்தால், தனக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வாள்" என்றாள்.

அந்தச் சகோதரிக்குத்தான் கடைசியாக ஒன்று சொல்ல வேண்டும். அம்மா, குறை உங்கள் சாமர்த்தியத்தில் இல்லை. ஸ்பிரிங் கடையில் இருந்திருக்க வேண்டும். இல்லை. சண்டை அதற்காகத்தான்.